கட்டுப்பாட்டுக் குழுத் தலைவர்

கொற்கைவிளையில் நறுமுகை வண்டியை விட்டு இறங்கியதும் நாதஸ்வரம் ஊதினார்கள். பின்னால் வேறு யாரோ பெரிய மனிதர் இறங்குகிறாராக்கும் என்று திரும்பிப் பார்த்தாள். ஓட்டுநர் மட்டும்தான் இருந்தார். அவரும் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கல்யாண மண்டப வாசலில் ஆளுயரப் பதாகை. வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் கைகூப்பிச் சிரித்தார். அவர் காலடியில், 'கட்டுப்பாட்டுக் குழுவின் நிரந்தரத் தலைவர் பொன்லிங்கம் அண்ணாச்சி சார்பில் சென்னை அதிகாரி அவர்களை வருக வருக என வரவேற்கிறோம்' என்று எழுதியிருந்தது.

நறுமுகைக்குத் தலை சுற்றியது. வெயிலால் அல்ல. அவள் நிரூபண வாரியத்தில் புள்ளியியலாளர். ஓர் ஆய்வில் கட்டுப்பாட்டுக் குழு என்றால் மருந்து கொடுக்கப்படாதவர்கள். மருந்து தின்றவனுக்கு என்ன ஆயிற்று என்று தெரிய வேண்டுமானால் தின்னாத ஒருவன் பக்கத்தில் வேண்டுமே, அவன்தான். அந்தக் கூட்டத்துக்கு ஒரு தலைவர் என்பது, பந்தியில் இடம் கிடைக்காதவர்கள் சங்கம் வைத்து அதற்கு நிரந்தரத் தலைவரையும் தேர்ந்தெடுத்த மாதிரி.

நிரூபணச் சட்டம் வந்து பதினோரு வருடம் ஆகிறது. அரசு மக்களுக்கு எதைக் கொடுப்பதானாலும் முதலில் சீட்டுக் குலுக்க வேண்டும். பாதிப் பேருக்குக் கொடுக்க வேண்டும், பாதிப் பேருக்குக் கொடுக்கக் கூடாது. இரண்டு வருடம் பார்க்க வேண்டும். கொடுத்தவர்கள் மேலாக இருந்தால் பிறகு எல்லோருக்கும் உண்டு. இல்லாவிட்டால் யாருக்கும் கிடையாது. கொடுத்ததையும் பிடுங்கிவிட்டு, பதினைந்து வருடத்துக்கு அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது. சட்டம் வந்த புதிதில் படித்தவர்கள் எல்லாம் கைதட்டினார்கள். இனி எவனும் ஓட்டுக்காக வாரி இறைக்க முடியாதல்லவா! பள்ளிக்கூடத்துப் பிள்ளையாக இருந்த நறுமுகையும் உள்ளங்கை சிவக்கத் தட்டியவள்தான்.

கொற்கைவிளை உப்பளத்தில் சோதித்த பொருளின் பெயர் 'நிழல்'. புளியங்கொட்டை அளவுச் சில்லு. பிடரியில் தோலுக்கு அடியில் வைத்துத் தைத்துவிடுவார்கள். உடம்புச் சூட்டை இழுத்து வெளியே தள்ளும். வெயில் ஐம்பது டிகிரியைத் தாண்டுவது வாடிக்கையாகிவிட்ட காலத்தில், வெட்டவெளியில் நிற்பவர்களுக்கென்றே செய்தது. இரண்டு வருட முடிவு வந்துவிட்டது. நிழல் தைத்த அறுநூறு பேரில் வெயிலில் செத்தவர்கள் முப்பத்தொரு பேர். நிழல் இல்லாத கட்டுப்பாட்டுக் குழுவின் அறுநூறு பேரில் செத்தவர்கள் பூஜ்யம்.

'நிழல் கொல்கிறது' என்று செய்தி வந்தது. திங்கட்கிழமை காலை சென்னையில் ஒரு பொத்தானை அழுத்தினால் மிச்சமிருக்கும் எல்லாப் பிடரிகளிலும் நிழல் அணைந்துவிடும். அதற்கு முன் வாரியத்திலிருந்து ஒருவர் நேரில் பார்த்துக் கையெழுத்திட வேண்டும் என்பது விதி. நறுமுகை தானாகக் கைதூக்கி வந்தாள். அந்தப் பூஜ்யம் அவளை உறுத்திக்கொண்டே இருந்தது. கத்திரி வெயிலில் வெறும் பிடரியோடு உப்பு வாருகிற அறுநூறு பேரில் ஒருவர்கூடச் சாகவில்லை என்றால் அவர்கள் மனிதர்கள் இல்லை, பனைமரங்கள்.

மண்டபத்துக்குள் நுழைந்ததும் விடை பாதி கிடைத்துவிட்டது. உள்ளே மார்கழி மாதம். எட்டு ஏசி ஓடிக்கொண்டிருந்தது. பனைமரங்கள் வெள்ளைச் சட்டையும் பட்டையான தங்கச் சங்கிலியுமாக நாற்காலிகளில் உட்கார்ந்து கேசரி சாப்பிட்டுக்கொண்டிருந்தன.

"உக்காருங்க மேடம்," என்றார் பொன்லிங்கம் அண்ணாச்சி. பதாகையில் இருந்ததைவிட நிஜத்தில் பத்து வயது கூடுதல். உப்பளத்தை ஏக குத்தகைக்கு எடுத்திருப்பவர். "ஏலே, மேடத்துக்கு ஒரு எளநி வெட்டுலே."

"அண்ணாச்சி, உங்க குழு என்ன பண்ணுது?"

"கட்டுப்படுத்துது."

"எதை?"

அண்ணாச்சி செயலாளரைப் பார்த்தார். செயலாளர் பொருளாளரைப் பார்த்தார். பொருளாளர் கேசரியைப் பார்த்தார்.

"பொதுவா," என்றார் அண்ணாச்சி.

பிறகு அவரே கதையைச் சொன்னார். ஒளிவுமறைவே இல்லை, பெருமையாகத்தான் சொன்னார்.

"ரெண்டு வருசம் முன்ன ஒங்க ஆபீஸ்லேருந்து வந்தாவ. அளத்துல வேல பாக்க ஆயிரத்தி எரநூறு பேருக்கும் சீட்டுக் குலுக்கி, ரெண்டு வகையா அட்ட குடுத்தாவ. ஒண்ணுல 'சிகிச்சைக் குழு'ன்னு இருந்துச்சு. சரி, நோயாளிய. வச்சுக்கிடட்டும். இன்னொண்ணுல என்ன போட்டுருந்துச்சு? 'கட்டுப்பாட்டுக் குழு உறுப்பினர்'. கவர்மென்ட் முத்திரையோட! போலீஸ்ல கன்ட்ரோல் ரூமு இருக்குல்லா, அது மாதிரி. அதக் கொண்டுபோயி உப்பு வாருதவன் கையில குடுத்தா என்ன நியாயம், சொல்லுங்க? அவன் எதக் கட்டுப்படுத்துவான்? வீட்டுல கோழியக்கூடக் கட்டுப்படுத்த மாட்டான்."

மண்டபம் சிரித்தது.

"அதனால?"

"தகுதியானவங்களுக்கு மாத்திக் குடுத்தோம். ஊருல நாலு பெரிய மனுசன், நம்ம சொந்தக்காரங்க, கட்சிக்காரங்க. ஒங்க ஆபீஸ் தம்பிதான் கம்ப்யூட்டர்ல பேர மாத்துனான். தங்கமான பையன். பைசா வாங்கல. ரெண்டு கிலோ கருவாடு, அம்புட்டுதான்."

"நீங்க யாராவது வெயில்ல நிக்கிறது உண்டா அண்ணாச்சி?"

"என்னத்துக்கு?" என்றார். உண்மையிலேயே அவருக்குப் புரியவில்லை.

மொட்டைத்தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுவது என்பார்கள். வாரியம் அந்த முடிச்சைப் போட்டு, அதற்கு மூன்று தசம இடம் வரை துல்லியமும் கணக்கிட்டிருந்தது. கணக்கிட்டவள் நறுமுகை.

"அட்டையைப் பறிகொடுத்த அறுநூறு பேர் இப்ப எங்க?"

"அளத்துலதான். வேற எங்க போவாவ?"

அளத்தில் கண்ணைத் திறக்க முடியவில்லை. மேலே ஒரு வெயில், பாத்திகளில் விளைந்து கிடந்த உப்பிலிருந்து எதிரே ஒரு வெயில். சொர்ணக்கிளி முழங்கால் வரை ரப்பர் காலுறை போட்டுக்கொண்டு பலகையால் உப்பை வரப்புக்கு இழுத்துக்கொண்டிருந்தாள். நாற்பது வயதிருக்கலாம். பிடரியில் நிழல் தைத்த இடம் தழும்பாகத் தெரிந்தது.

"எங்க வீட்டாளு பேரு சுடலக்கண்ணு," என்றாள். பலகை நிற்கவில்லை. "குலுக்குனப்ப எனக்கு நிழலு விழுந்துச்சு, அவுகளுக்கு அந்தக் குழு அட்ட விழுந்துச்சு. சட்டப் பையில வச்சுக்கிட்டு ஒரு நாப்பூரா 'ஏட்டி, நான் இப்ப ஆபீசராக்கும்'னு திரிஞ்சாவ. மறுநா மேஸ்திரி வந்து வாங்கிட்டுப் போயிட்டான். அண்ணாச்சி மச்சானுக்கு வேணுமாம்."

"அப்புறம்?"

"முந்தியெல்லாம் விடியுமுன்ன வாரிட்டு, வெயிலு ஏறுமுன்ன வீட்டுக்குப் போயிருவோம் மேடம். நிழலு தச்ச பெறவு எங்களால உச்சியிலயும் நிக்க முடியும்னு கண்டுக்கிட்டாவ. பத்து மணிக்கு வா, நாலு மணிக்குப் போன்னு ஆக்கிட்டாவ. நிழலு இல்லாதவுகளையும் அதே நேரத்துக்கு வரச் சொன்னாவ. 'ஒம் பொண்டாட்டி நிக்கால்லா, ஒனக்கு என்ன கேடு?'ன்னு கேட்டான் மேஸ்திரி. ரோசக்கார மனுசன். நின்னாவ. அந்தா, அந்தப் பாத்தியிலதான் விழுந்தாவ."

முப்பத்தொரு பேர் நிழலோடு செத்தது எப்படி என்பதும் அதில் இருந்தது. எந்தக் குடையும் ஓரளவு மழைக்குத்தான் தாங்கும்.

"அக்கா, நிழல் இல்லாதவங்கள்ல மொத்தம் எத்தனை பேர் இறந்தாங்க?"

சொர்ணக்கிளி இப்போதுதான் பலகையை நிறுத்தினாள். "எண்ணுதது ஒங்க வேல. எங்களக் கேக்குதீய? சுடுகாட்டுல எடம் பத்தாம கடக்கரையில பொதைக்கோம். போயி எண்ணிக்கிடுங்க."

நறுமுகை கடற்கரைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அவளுடைய உண்மையான கட்டுப்பாட்டுக் குழு மணலுக்கு அடியில் இருந்தது. அதன் பெயரில் பூஜ்யம் என்று எழுதியிருந்தாள்.

"திங்கக்கெழம இத அணைக்கப் போறாவளாமே, நெசமா?"

"ஆமாக்கா."

"வேல நேரத்த மாத்துவாவளா?"

"அது எங்க வாரியத்துக்கு வராது."

"அப்பம் செவ்வாக்கெழம வாங்க. நெறைய எண்ணலாம்."

வரப்பிலேயே நின்று நறுமுகை சென்னைக்குப் பேசினாள். வாரியத் தலைவர் டாக்டர் செங்குட்டுவன் ஞாயிற்றுக்கிழமைகளில்கூட விதிப் புத்தகத்தோடு உறங்குபவர் என்று அலுவலகத்தில் சொல்வார்கள். இன்று சனிக்கிழமைதான்.

"சார், கட்டுப்பாட்டுக் குழு முழுக்க ஏசில உக்காந்திருக்கு. குலுக்கல்ல வந்தவங்க ஒருத்தர்கூட அதுல இல்ல. எல்லாரும் ஊர்ப் பெரிய மனுஷங்க."

"தெரியும்மா."

"தெரியுமா?"

"முட்டை ஆய்வுலயே தெரிஞ்சுது. கட்டுப்பாட்டுக் குழுன்னு சொன்னதும் தலைமையாசிரியர் தன் பிள்ளைங்க, டாக்டர் பிள்ளைங்க, கான்ட்ராக்டர் பிள்ளைங்கன்னு அதுல சேர்த்துட்டார். அவங்க வீட்ல தினம் ரெண்டு முட்டை. கடைசில அளந்து பார்த்தா, பள்ளிக்கூடத்துல முட்டை தின்ன பிள்ளைங்களைவிட தின்னாத பிள்ளைங்க ரெண்டு அங்குலம் உயரம்."

"அதனாலதானே சார் சத்துணவுல முட்டையை நிறுத்தினாங்க?"

"நிரூபணம் ஆயிடுச்சேம்மா."

"அந்த வார்த்தையை மாத்தியிருக்கலாமே. 'குழு'ன்னா கமிட்டின்னு நினைக்கிறாங்க, 'கட்டுப்பாடு'ன்னா அதிகாரம்னு நினைக்கிறாங்க. 'ஒப்பீட்டு வரிசை'ன்னோ என்னமோ வெச்சிருந்தா எவனும் சீந்தியிருக்க மாட்டான்."

"அது என் மொழிபெயர்ப்பு. கலைச்சொல் விருது வாங்கினது. இப்ப மாத்தினா ஏன்னு கேப்பாங்க. பதினோரு வருஷத்துல அந்த அட்டையோட எத்தனை ஆய்வு நடந்திருக்கு, யோசிச்சுப் பார். தண்ணி, பஸ்சு, பிரசவ விடுதி... எதையும் கொடுக்க வேண்டாம்னு நிரூபிச்சிருக்கோம். அரசாங்கத்துக்கு எவ்வளவு மிச்சம்!"

"அட்டையைப் பறிகொடுத்தவங்க செத்திருக்காங்க சார்."

"அவங்க எந்தக் குழுவிலயும் இல்லையே. குழுவில் இல்லாதவங்க சாவு வருத்தத்துக்குரியது. ஆனா தரவு இல்லை."

நறுமுகைக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, இறங்கும். இப்போது அது பாத்தித் தண்ணீரின் மட்டத்துக்கு வந்திருந்தது.

"சார், விதி நாலு என்ன சொல்லுது?"

"சோதிக்கிற பொருளைத் தவிர மத்த எல்லாத்துலயும் ரெண்டு குழுவும் ஒரே நிலையில இருக்கணும்."

"ஒண்ணு ஐம்பது டிகிரியில நிக்குது. இன்னொண்ணு இருபத்திரண்டுல கேசரி சாப்பிடுது. அப்ப இந்த ஆய்வு முடியல. ஆரம்பிக்கவே இல்ல. முடிஞ்சதுன்னு நான் கையெழுத்துப் போடணும்னா காரணம் எழுதணும். காரணம் எழுதினா அந்த வார்த்தை வரும். வார்த்தை வந்தா விருது வரும்."

"...என்ன வேணும் உனக்கு?"

"ஒரு மாசம் நீட்டிப்பு. நிழலை அணைக்கக் கூடாது. கட்டுப்பாட்டுக் குழு அளத்துக்கு வரணும். அதே வெயில், அதே நேரம், அதே வேலை."

"வருவாங்களா?"

"உறுப்பினர்கள் சார். வருவாங்க."

செங்குட்டுவன் ஏதோ தட்டிக் கணக்குப் போடும் சத்தம் கேட்டது. "சரி. ஆனா ஒண்ணு. ஒரு மாசத்துல அந்தப் பக்கம் பத்துப் பேராவது போகணும். அதுக்குக் குறைஞ்சா தற்செயல்னுதான் எழுத முடியும்." பந்திக்கு எத்தனை இலை என்று சொல்கிறவர் குரலில் சொன்னார்.

அன்று சாயங்காலம் சொர்ணக்கிளியின் வீட்டு வாசலில் நறுமுகை விஷயத்தைச் சொன்னாள். சொர்ணக்கிளி காலில் உப்பு அரித்த வெடிப்புகளுக்குத் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டே கேட்டாள்.

"எத்தன பேரு செத்தா நம்புவாவ?"

"பத்து."

"ஒருத்தரும் சாவலன்னா?"

"வித்தியாசம் இல்லைன்னு எழுதிட்டு, உங்களோடதை அணைச்சிருவாங்க."

"அப்பம் நாங்க பொழைக்கணும்னா அங்கன பத்துப் பேரு சாவணும்."

"...கணக்குப்படி, ஆமா."

"இத ஒங்களுக்கு எந்தப் பள்ளிக்கூடத்துல சொல்லிக் குடுத்தாவ, பிள்ள?"

சாக வேண்டியவர்கள் வெள்ளைச் சட்டைக்காரர்கள் என்பதால் மத்தியானம் அந்தக் கணக்கு நறுமுகைக்கு இனித்தது. இந்த வாசலில் உட்கார்ந்து கேட்டபோது இனிக்கவில்லை. ஆனாலும் மாற்றிச் சொல்ல அவளிடம் வேறு கணக்கும் இல்லை.

திங்கட்கிழமை பொத்தானை யாரும் அழுத்தவில்லை. அதற்குப் பதில் கொற்கைவிளை முழுக்கப் புதுப் பதாகை முளைத்தது: 'கட்டுப்பாட்டுக் குழுவின் மாபெரும் களப்பணி'. முதல் நாளுக்கு நிர்வாகிகள் இருபது பேர் வந்தால் போதும் என்று நறுமுகை சொல்லியிருந்தாள். வேனில் வந்து இறங்கினார்கள். அண்ணாச்சிக்குச் சந்தன மாலை.

"குடை வேண்டாம் அண்ணாச்சி. அவங்களுக்கும் இல்ல."

"வேன்ல ஏசி ஓடிக்கிட்டு இருக்கட்டுமா? நடுநடுவுல போயி..."

"கூடாது. ஒப்பிடணும்னா ரெண்டு பக்கமும் ஒண்ணுபோல இருக்கணும். நாலு மணி வரைக்கும் உப்பு வாரணும்."

அண்ணாச்சி மாலையைக் கழற்றினார். குரலைத் தாழ்த்தினார். "மேடம், ஒரு பேச்சுக்குக் கேக்கேன். குழுவ விட்டு வெலகிட்டா?"

"தாராளமா. யாரையும் பிடிச்சுவைக்க மாட்டோம். பதவி மட்டும் போயிரும்."

அண்ணாச்சி திரும்பிப் பார்த்தார். பின்னால் துணைத் தலைவர் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு, தலைவராகத் தயார் நிலையில் நின்றார்.

"நம்ம நிப்போம்," என்றார் அண்ணாச்சி.

பக்கத்துப் பாத்தியில் நிழல்காரர்கள். இந்தப் பாத்தியில் குழு. பதினோரு மணி வரை செல்ஃபி எடுத்தார்கள். அதற்குமேல் கைப்பேசிகள் சூடேறி, ஏறக்குறைய எல்லாம் அணைந்துபோயின. துணைத் தலைவர் முதலில் உட்கார்ந்தார், பிறகு படுத்தார். பொருளாளர் வாந்தி எடுத்தார். வேனில் காத்திருந்த மருத்துவரை நறுமுகைதான் கையசைத்துக் கூப்பிட்டாள். செத்தால்தான் கணக்கு என்று தெரிந்தும் கூப்பிட்டாள். பல்லைக் கடித்துக்கொண்டு, தன்மேலேயே எரிச்சலோடு கூப்பிட்டாள்.

"பலகைய அழுத்திப் பிடிங்க அண்ணாச்சி," என்றாள் சொர்ணக்கிளி வரப்பிலிருந்து. "அது ஓடுது பாருங்க. கட்டுப்படுத்துங்க."

நிழல்காரர்கள் பக்கம் ஒரு சிரிப்பு எழுந்து அடங்கியது.

அண்ணாச்சிக்கு உதடு வெளுத்திருந்தது. வேர்வை முதலில் ஊற்றாகக் கொட்டிப் பிறகு நின்றுபோயிருந்தது. அது நல்லதற்கில்லை என்று அளத்துக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். பலகையைப் போட்டார். இடுப்பு மடிப்பில் துண்டுக்குள் சுற்றிவைத்திருந்த இன்னொரு கைப்பேசியை எடுத்தார். அதில் ஒரே ஓர் எண்தான் இருந்தது. அவருடைய சம்பந்தி. அமைச்சர்.

"சம்பந்தி... நாந்தான். எளவு, இதுல மனுசன் நிப்பானாவே? மண்ட கொதிக்கி. கண்ணு தெரியல. என்னமோ நிழலுன்னு ஒண்ணு இருக்காம்லா, இவளுவ கழுத்துல இருக்கு, ஜம்முன்னு நிக்காளுவ. எனக்கு அது வேணும். நம்மாளுவ எல்லாத்துக்கும் வேணும். என்னது, ரிப்போர்ட்டா? ரிப்போர்ட்டத் தூக்கிக் குப்பையில போடும்வே. நான் சொல்லுதேன், போதாதா? இன்னைக்கே!"

பேசி முடித்துவிட்டு அவரும் விழுந்தார். தூக்கிக்கொண்டு ஓடினார்கள். சாகவில்லை. இரண்டு பாட்டில் உப்புத் தண்ணீர் ஏற்றியதும் எழுந்து உட்கார்ந்து, கேசரி கேட்டாராம்.

நாலு மணிக்கு முன் ஆணை வந்துவிட்டது. செங்குட்டுவனே பேசினார். குரலில் உற்சாகம்.

"வாழ்த்துகள்மா! அவசரப் பொதுநலன் கருதி நிழல் எல்லாருக்கும் அனுமதி. அணைக்கற உத்தரவு ரத்து. ஆய்வையும் இத்தோட நிறுத்திக்கலாம்னு மேலிடம் சொல்லிட்டாங்க. முடிவு நமக்குச் சாதகம்."

"எத்தனை பேரை வெச்சு சார் முடிவு பண்ணினாங்க?"

"என்னம்மா?"

"மாதிரி அளவு. எத்தனை?"

அவர் இணைப்பைத் துண்டித்துவிட்டார்.

வேலை முடிந்து பெண்கள் காலுறைகளைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். நறுமுகை வரப்பில் ஏறக்குறைய ஓடினாள். மூச்சு வாங்கச் சொன்னாள். அணைக்க மாட்டார்கள், இனி எல்லோருக்கும் உண்டு, அண்ணாச்சி பேசினார், அமைச்சர் ஆணை போட்டுவிட்டார்.

சுற்றி நின்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரோ ஒருத்தி குலவை போட ஆரம்பித்தாள். சொர்ணக்கிளி போடவில்லை. பிடரித் தழும்பைக் கையால் ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டாள்.

"பத்துப் பேரு சாவணும்னீங்களே பிள்ள. அங்கன யாரும் சாவலியே."

"இல்லக்கா. யாரும் சாகல."

"எங்க வீட்டாளு செத்தது கணக்குல வரல," என்றாள் சொர்ணக்கிளி. "அண்ணாச்சிக்கு வேர்த்தது வந்துருச்சு."